கையில் ஓடும் ஆறுகள்: தமனியும் சிரையும் அவற்றின் பெயர்களும்

குருதிச் சோதனைக்காக நாம் ஆய்வுக் கூடத்திற்குச் செல்கிறோம். அங்குள்ளவர் மேற்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பைத் தட்டிப் பார்த்து, "நரம்பு சரியாகத் தெரியவில்லை, கையை இறுக மூடுங்கள்" என்கிறார். நாமும் மூடுகிறோம். சற்று நேரத்தில் பச்சை நிறக் கோடு ஒன்று தோலின்கீழ்ப் புடைத்து எழுகிறது. அவர் தேடியது நரம்பை அன்று, சிரையை. நரம்பில் ஊசி பட்டிருந்தால் மின்சாரம் தாக்கினாற்போல் விரல் நுனிவரை வலி பாய்ந்திருக்கும். எனினும் "நரம்பு" என்றே அவர் சொன்னார். நாமும் அவ்வாறே புரிந்துகொண்டோம். தமிழ் பயில்வோரும் பயிற்றுவோரும் சற்று நின்று எண்ண வேண்டிய இடம் இது.

இப்பயன்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதிய தாயைக் காட்டுகிறார். வற்றி மெலிந்த அவளது தோளில் நரம்புகள் மேலெழுந்து காணப்படுகின்றன. முதுமையில் தோலின் அடிக்கொழுப்புக் குறைய, புறத்தே புடைத்துத் தெரிபவை சிரைகளே. யாழின் தந்தியும் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பு, குருதி ஓடும் குழாயும் நரம்பு என்று கயிறுபோல் நீண்ட அனைத்தையும் அவ்வொரு சொல்லால் குறித்தனர் முன்னோர். அது அன்றைய தேவைக்குப் போதுமானதாக இருந்தது. உணர்வைக் கடத்தும் இழைக்கு மட்டுமே அச்சொல்லை உரிமையாக்கியவை பிற்காலப் பாடநூல்கள். வகுப்பறையில் ஒரு பொருளும் வீட்டில் மற்றொரு பொருளுமாக அச்சொல் இன்றளவும் இரட்டை வாழ்வு வாழ்கிறது. அதன் விளைவு எத்தகையது என்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் கையின் குருதி வழிகளை அறிந்துகொள்வோம்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது தமனி. இதயத்திற்குத் திருப்பிக் கொணர்வது சிரை. கைக்குரிய தமனி, காறை எலும்பின் கீழே தன் பயணத்தைத் தொடங்குகிறது. இடப்பக்கத்தில் அது பெருந்தமனியின் வளைவிலிருந்து நேரே கிளைக்கிறது. வலப்பக்கத்திலோ தலைக்கும் கைக்கும் பொதுவான ஓர் அடிமரத்திலிருந்து பிரிகிறது. முதல் விலா எலும்பைக் கடந்ததும் அதற்கு அக்குள் தமனி என்று பெயர். அக்குளைக் கடந்ததும் மேற்கைத் தமனி என்று பெயர். ஒரே ஆறு ஊர்தோறும் வேறு பெயர் பெறுவது போன்றதே இது, குழாய் ஒன்றுதான்.

மேற்கைத் தமனி, கையின் உட்பக்கமாக இருதலைத் தசையை ஒட்டி இறங்கி, முழங்கை மடிப்பிற்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. பெருவிரற் பக்கமாகச் செல்வது ரேடியல் தமனி. சிறுவிரற் பக்கமாகச் செல்வது அல்னர் தமனி. இலங்கைப் பாடநூல்களில் அவ்வெலும்புகளுக்கு ஆரை, அரந்தி என்று பெயரிட்டுள்ளனர். ஆரைத் தமனி, அரந்தித் தமனி என்றால் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. நாமும் அவ்வாறே வழங்குவோம். உள்ளங்கையை அடைந்ததும் இவ்விரண்டும் வில்போல் வளைந்து ஒன்றோடொன்று கைகோக்கின்றன. மேலோட்டமான வில் பெரும்பாலும் அரந்தித் தமனியால் ஆனது; ஆழமான வில் பெரும்பாலும் ஆரைத் தமனியால் ஆனது. ஆதலால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று பெரும்பாலோர்க்கு விரல்களைக் காக்கிறது. இதயத் தமனிகளின் அடைப்பைக் காண, தொடை வழியே செலுத்திய குழாயை 1989 முதல் மணிக்கட்டின் ஆரைத் தமனி வழியாகவும் செலுத்தத் தொடங்கியதற்கு இவ்வமைப்பே துணிவு தந்தது.

மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேரே, எலும்பின்மேல் மூன்று விரல்களை வைத்துப் பாருங்கள். அங்கே துடிப்பது ஆரைத் தமனி. சித்த மருத்துவர் வாத பித்த கபம் என்று மூன்று விரல்களால் நாடி பார்ப்பதும் அவ்விடத்திலேதான். நாடி என்னும் சொல் நூல்களில் பல பொருள் தரினும், அம்மருத்துவரின் விரலடியில் துடிப்பது இத்தமனியே என்க.

இனிச் சிரைகள். ஆழத்தில் உள்ளவை தமனிகளின் இருபுறமும் இரண்டிரண்டாகத் தோழியர்போல் உடன் செல்கின்றன. அவற்றைப் பற்றி இங்கு மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. தோலின்கீழ்த் தெரிபவையே சுவையானவை. புறங்கையின் சிரை வலையிலிருந்து பெருவிரற் பக்கமாக ஏறுவது செபாலிக் சிரை. சிறுவிரற் பக்கமாக ஏறுவது பாசிலிக் சிரை. முழங்கை மடிப்பில் இவ்விரண்டையும் குறுக்கே இணைக்கும் நடுச்சிரையில்தான் பெரும்பாலும் ஊசி ஏற்றுகின்றனர்.

இப்பெயர்கள் ஐரோப்பிய மொழிகளில் புகுந்த வழி அரபு மொழியாகும். இப்னு சீனாவின் 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் இச்சிரைகள் அல்கீஃபால், அல்பாஸிலீக், அல்அக்ஹல் என்று குறிக்கப்பெற்றன. இலத்தீனில் பெயர்த்தோர் அவற்றின் ஒலியை ஒட்டிப் பெயரமைத்தனர். தலைக்கும் கைச்சிரைக்கும் யாதொரு தொடர்பும் இல்லாதிருக்க, 'தலைச்சிரை' என்று பொருள்படும் பெயர் இன்றும் நிலைத்திருப்பது இப்பெயர்ப்பின் விளைவே என்பர். அரபுச் சொற்களே முன்னர்க் கிரேக்கத்திலிருந்து வந்தவை என்பாரும் உளர். சொற்கள் வணிகக் கப்பல்களைப்போல் இருகரையிலும் சரக்கேற்றுபவை. இவ்வழக்கை நாம் தீர்க்க முயலவில்லை.

அக்ஹல் என்பது நம்மிற் பலர்க்கு அறிமுகமான சொல். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் சஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்ற இடம் இந்த அக்ஹலே என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைத்தார்கள். எனினும் பின்னர் அப்புண் திறந்து குருதி பெருகி அவர் இறந்தார். இதனைத் தமிழில் எடுத்துரைப்போர் 'கை நரம்பு' என்று சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நரம்பு அறுந்தால் கை மரத்துப் போகும், செயலிழக்கும். உயிர் போகும் அளவிற்குக் குருதி பெருகுவது குழாய் அறுந்தாலன்றோ!

முழங்கை மடிப்பில் மற்றொரு நுட்பம் உண்டு. நடுச்சிரைக்கு நேர் அடியில் மேற்கைத் தமனி செல்கிறது. இரண்டிற்கும் இடையே இருதலைத் தசையிலிருந்து விரியும் மெல்லிய, வலிய சவ்வு ஒன்றே திரையாக உள்ளது. குருதி வடித்து நோய் தீர்த்த பழங்காலத்தில், கத்தி சிரையைத் தாண்டித் தமனியைத் தொடாமல் காத்தது இத்திரையே. அதனால் ஐரோப்பிய மருத்துவர் இதற்கு 'இறையருள்' என்று பொருள்படும் பெயரிட்டனர். பாஸிலீக்கின் அடியில் தமனி உள்ளது, விழிப்பாயிருங்கள் என்று அரபு மருத்துவ நூல்களும் எச்சரித்துள்ளன.

குருதி சுற்றி வருகிறது என்னும் உண்மை மெய்ப்பிக்கப்பட்டதும் கையின்மேல்தான். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகவே குருதி இடப்பக்கம் சேர்கிறது என்று 1242இல் இப்னு நஃபீஸ் எழுதினார். உடல் முழுவதும் நிகழும் சுற்றோட்டத்தை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அவர் கையாண்ட கருவி ஒரு கட்டுத்துணி, அவ்வளவே! மேற்கையை மிக இறுக்கிக் கட்டினார்: மணிக்கட்டில் துடிப்பு நின்றது, கை வெளிறிக் குளிர்ந்தது. கட்டைச் சற்றுத் தளர்த்தினார்: துடிப்பு மீண்டது, ஆனால் கை சிவந்து வீங்கியது, சிரைகள் புடைத்தன. ஆழத்திலுள்ள தமனி திறந்துவிட்டது, மேலேயுள்ள சிரை இன்னும் அடைபட்டிருக்கிறது. ஆகவே தமனி வழியே வந்த குருதி திரும்ப வழியின்றித் தேங்குகிறது. வேறு விளக்கத்திற்கு இடமில்லை.

அவர் செய்த மற்றொரு சோதனையை மாணவர்கள் இப்பொழுதே செய்து பார்க்கலாம். முன்கையில் புடைத்த சிரையின் மீது ஒரு விரலை அழுத்தி வைத்து, மறுவிரலால் அவ்விடத்திலிருந்து முழங்கை நோக்கிக் குருதியை வழித்து விடுங்கள். இடைப்பகுதி தட்டையாகி வெறுமையாகவே இருக்கும். மேலிருந்து குருதி இறங்காது. அழுத்திய விரலை எடுத்த கணமே கீழிருந்து நிரம்பும். சிரையினுள் இருக்கும் தடுக்கிதழ்கள் குருதியை ஒருவழியாகவே விடுகின்றன. அவ்விதழ்களை விரித்துரைத்து 1603இல் நூல் வெளியிட்டவர் ஹார்வியின் ஆசிரியரான பதுவை நகரத்து ஃபப்ரீசியஸ். ஆசிரியர் கதவைக் கண்டார். அது எப்பக்கம் திறக்கிறது என்பதன் பொருளை மாணவர் கண்டார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை மட்டும் ஹார்வி காணவில்லை. 1661இல் மால்பிகி அவற்றைத் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கியால் கண்டார்.

இனி, முன்னர்ச் சொல்லாது விட்டதைச் சொல்வோம். நம் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர்க்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரம் மும்முறை குருதியை இயந்திரத்தில் சுத்திகரிக்க வேண்டிய நிலை. இயந்திரத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் குருதி தேவை. சாதாரணச் சிரை அதனைத் தாங்காது. ஆகவே இடது மணிக்கட்டில் ஆரைத் தமனியைச் செபாலிக் சிரையோடு இணைத்துத் தைத்தனர். 1966இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய, சில வாரங்களில் சிரை விரிந்து சுவர் தடித்து ஊசிக்கு ஏற்றதாகிறது. தொட்டால் பூனையின் முதுகுபோல் அதிரும். அக்கையில் வேறு ஊசி ஏற்றுதல் கூடாது. குருதியழுத்தம் பார்த்தலும் கூடாது.

ஒருமுறை காய்ச்சலுக்காக வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தனர். இடக்கையைப் பற்றிய பயிற்சிச் செவிலியரிடம், "இந்தக் கையில் நரம்பு ஆப்பரேஷன் செய்திருக்கிறதம்மா" என்றார் அவர். அப்பெண் பாடநூல் கற்றவர். நரம்புக்குச் செய்த அறுவைதானே, சிரைக்கு ஒன்றுமில்லையே என்று எண்ணி, நன்கு பருத்துத் தெரிந்த அச்சிரையிலேயே ஊசியைச் செலுத்தினார்; அழுத்தப் பட்டையையும் அக்கையிலேயே கட்டினார். மறுநாள் அதிர்வு நின்றிருந்தது. உள்ளே குருதி உறைந்துவிட்டது. பின்னர் முழங்கை மடிப்பில், மேற்கைத் தமனியில் புதிய இணைப்புச் செய்ய நேர்ந்தது. அவர் பேசியது பிழையான தமிழன்று, நச்செள்ளையாரின் தமிழ். அப்பெண் கேட்டதும் பிழையன்று. பள்ளியில் நாம் கற்பித்த தமிழ்.

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினாவிற்கு, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கற்பித்துக் காட்டி விடையளித்துவிட்டார். கலைச்சொற்கள் இன்று நம்மிடம் நிரம்ப உள்ளன. அவை பாடநூலிலிருந்து படுக்கையருகே வந்து சேரவில்லை என்பதே குறை.

அண்மையில் அப்பேராசிரியரைக் காணச் சென்றோம். சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை எழுதித் தருமாறு கேட்டார். "இக்கையில் தமனியும் சிரையும் இணைக்கப்பட்டுள்ளன, ஊசியும் அழுத்தப் பட்டையும் வேண்டா" என்று எழுதிக் கொடுத்தோம். படித்துப் பார்த்தவர் எழுதுகோலை வாங்கி, 'தமனியும் சிரையும்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்கள்' என்று எழுதினார். 'வேண்டா' என்பதையும் 'கூடாது' என்று மாற்றினார். பிறகு நம் விரலைப் பற்றித் தம் முழங்கையின்மேல் வைத்தார், அதிர்ந்துகொண்டிருந்தது.