அக்காவின் கோலமும் கூட்டமைப்பு வலையும்



எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகிறாள். என் பீஸ் அவள் கட்டுவது. நான்கு வருடமாகத் தான் போட்ட கோலங்களை ஒரு சமூக வலைத்தளத்தில் படமெடுத்துப் போட்டு வந்தாள். ஒருநாள் காலையில் பார்த்தால் கணக்கே இல்லை. காரணமும் சொல்லவில்லை. "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, யார்கிட்டடா தம்பி போய்க் கேக்குறது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

கோளாறு எங்கே?

எல்லோர் கணக்கும் ஒரே கம்பெனியின் கையில் இருப்பதுதான் கோளாறு. அது கடையைச் சாத்தினால் எல்லாம் போச்சு. ஆர்குட் 2014-லும் கூகுள் பிளஸ் 2019-லும் அப்படித்தான் மூடப்பட்டன.

மாற்று வழி

ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்ட கடிதம் சிங்கப்பூருக்குப் போய்ச் சேருகிறது. இரண்டு நாட்டுத் தபால் துறையும் வேறு வேறு. ஆனால் 1874-ல் உருவான உலகத் தபால் ஒன்றியத்தின் விதி இருவருக்கும் பொது. கூட்டமைப்பு வலையும் இதே மாதிரிதான். குறுஞ்செய்திக்கு மாஸ்டடான் (2016), படத்துக்குப் பிக்சல்ஃபெட், வீடியோவுக்குப் பீர்டியூப், கட்டுரைக்கு ரைட்ஃப்ரீலி. இவற்றுக்குப் பொது விதி 'ஆக்டிவிட்டிபப்'. 2018-ல் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக ஏற்றது.

வேலை செய்யும் விதம்

ராஜபாளையத்தில் ஒரு சர்வர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்வோம்.

1. அக்கா முதல் சர்வரில், அவள் தோழி இரண்டாவதில். பெயரும் சர்வர் பெயரும் சேர்ந்ததே முகவரி, ஈமெயில் மாதிரி.

2. தோழி 'பின்தொடர்' என்று அழுத்தினால், அவள் சர்வர் அக்காவின் சர்வருக்குச் சொல்லும்.

3. அக்கா கோலத்தைப் போட்டதும், அவள் சர்வர் டிஜிட்டல் கையெழுத்துடன் தோழியின் சர்வருக்கு அனுப்பும். அது சரிபார்த்து இன்பாக்ஸில் வாங்கிக்கொள்ளும்.

நடுவில் தலைமை ஆபீஸ் கிடையாது.

2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி, இந்தியர் பலர் மாஸ்டடானுக்கு மாறினார்கள்.

குறையும் உண்டு

சர்வரை நடத்துபவரும் கணக்கை நீக்கலாம். செலவு தாங்காமல் மூடலாம். மாஸ்டடானில் வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்வோர் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஆகவே பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

அக்காவின் பழைய கோலங்கள் திரும்பவில்லை. இப்போது மெமரி கார்டிலும் ஒரு பிரதி வைக்கிறாள். நண்பர்களே, நெட்வொர்க் பாடம் மார்க்குக்கு மட்டுமல்ல. நம்மில் நாலு பேர் சேர்ந்து ஒரு சர்வர் நடத்தினால், அடுத்த முறை "யார்கிட்ட கேக்குறது?" என்று அக்கா கேட்கும்போது, "என்கிட்ட கேளுக்கா" என்று சொல்லலாம்.