‘ஆடிட்’ என்னும் சொல்

சங்க அலுவலகத்தில் ‘ஆடிட் நடக்கிறது’ என்று கேள்வியுற்றால், அங்கத்தினர் பலர் அது செயலாளருக்கும் கணக்கருக்கும் உரிய காரியம் என்று எண்ணித் தத்தம் தறிக்கும் வயலுக்கும் போய்விடுகின்றனர். அச்சொல்லின் பொருளை உணர்ந்தால் அவ்வாறு போக மனம் வராது. ஆகையால் இம்மாதம் அதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

‘ஆடிட்’ இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் நிற்கும். அதன் வேர் ‘ஆடிரே’. ‘கேட்டல்’ என்பது பொருள். ‘ஆடியோ’, ‘ஆடிட்டோரியம்’ என்பனவும் அவ்வேரில் கிளைத்தவையே. எனவே ‘ஆடிட்டர்’ என்பவர், சொல்லின்படி, ‘கேட்பவர்’ ஆவார். நாம் தமிழில் ‘தணிக்கையாளர்’ என்கிறோம்.

கணக்கைப் பார்ப்பவருக்குக் கேட்பவர் என்ற பெயர் வந்தது ஏன்? இடைக்கால இங்கிலாந்தில் எழுதப் படிக்க அறிந்தோர் சிலரே. பண்ணையின் பொறுப்பாளன் வரவையும் செலவையும் வாயால் சொல்ல, அதற்கென அமர்ந்தோர் செவியால் கேட்டு, ஐயம் தோன்றிய இடத்தில் வினவுவர். 12-ஆம் நூற்றாண்டில் அரசாங்கக் கணக்கும் பலர் முன்னிலையிலேயே தீர்க்கப்பட்டது. சுமார் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசைமீது கட்டம் போட்ட கறுப்புத் துணியை விரித்து, தொகைக்கு ஏற்பக் காய்களை வைத்து நகர்த்துவர். எழுத்தறியாதவனும் கண்ணால் கண்டு தெளிவான். அத்துணி சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால் கருவூலத்திற்கே ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயர் அமைந்தது.

இனி, கேட்பவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதுமா? 1896-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில் தீர்ப்பு வந்தது. அவ்வாலையின் மேலாளர் பஞ்சு, நூல் ஆகியவற்றின் இருப்பைப் பல ஆண்டுகள் மிகைப்படுத்திக் காட்டியிருந்தார். தணிக்கையாளர்கள் அவருடைய சான்றை நம்பினர். தணிக்கையாளர் காவல் நாய் போன்றவர், மோப்ப நாய் அல்லர் என்று கூறி, நீதிமன்றம் அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. சரக்கு இருப்பை நேரில் சரிபார்க்கும் முறை பிற்காலத்தில் வலுப்பெற்றது. ஆயினும் ஒரு படிப்பினை அன்றும் இன்றும் ஒன்றே: ஏடு சொல்லாததைத் தணிக்கையாளருக்குச் சொல்ல வேறு வாய் வேண்டும்.

அவ்வாய் யாருடையது என்பதை நாம் ஒரு நெசவாளர் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் கண்டோம். தணிக்கை அறிக்கையை ‘வாசித்ததாக’ எழுதிக்கொள்ளலாம் என்றனர். முழுவதையும் உரக்க வாசிக்குமாறு கேட்டுக்கொண்டோம். நூல் இருப்பு என்ற வரி வந்ததும், கையெழுத்திட மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர் எழுந்தார்.

“ஐயா, பங்குனியில் பாவு இல்லையென்று எங்கள் தறிகள் மூன்று வாரம் சும்மா கிடந்தன. மார்ச்சு 31-இல் கிடங்கில் இத்தனை கட்டு நூல் இருந்தது எப்படி?” என்றார்.

சபை அமைதியாயிற்று. மறுநாள் கிடங்கைத் திறந்து எண்ணினோம். ஏட்டில் இருந்த கட்டுகள் அங்கே இல்லை. முறைப்படி விசாரணை தொடங்கிற்று. எம்முடைய பட்டப்படிப்பு காணாததை அம்முதியவரின் செவி கண்டுபிடித்தது!

ஆகவே அங்கத்தினர்கள் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். பேரவையில் தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத வரியைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நூற்கட்டாயினும் உரமூட்டையாயினும், நீங்கள் கண்டதற்கு மாறான எண் காதில் விழுந்தால் எழுந்து வினவுங்கள். வினாவையும் விடையையும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள்.

எம் பதவிப் பெயராகிய ‘இன்ஸ்பெக்டர்’ என்பதற்கு ‘உள்ளே நோக்குபவர்’ என்று பொருள். ஆடிட்டரோ கேட்பவர். நோக்கவும் கேட்கவும் ஆட்கள் உளர். சொல்லவேண்டியவர்கள் நீங்களே.