ஊமத்தை: மருந்தும் நஞ்சும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

மாடம்பாக்கத்தின் வெற்று மனைகளிலும் குப்பைமேடுகளிலும் விதைப்பாரின்றி வளர்வது ஊமத்தை. அதன் மலரைச் சிவபெருமானுக்குச் சாத்துகிறோம். முட்காயைப் பிள்ளைகள் தொட்டால் அதட்டுகிறோம். ஒரே செடியிடம் வணக்கமும் அச்சமும் ஏன் என்பதை வேதியியல் வழி நோக்குவோம்.

ஊமத்தை கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் நெருங்கிய உறவான புரூக்மேன்சியா தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மரம். அங்குள்ள பழங்குடியினர் அதன் இலையை வீக்கத்திற்குக் கட்டினர். தெய்வக்காட்சி வேண்டிச் சாற்றையும் அருந்தினர். இன்று ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் அது அழகுக்காக வளர்கிறது.

நம்மவரும் ஊமத்தை இலையை எண்ணெயில் வதக்கி வீக்கத்திற்குக் கட்டுவர். ஈளைக்கு உலர்ந்த இலையின் புகையை இழுப்பர். சென்னையில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் வாயிலாக இப்புகை முறை 1802-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக்கும் சென்றது.

இரண்டு செடிகளிலும் உள்ளவை ஹையோசயமின், ஸ்கோப்பலமின், அட்ரோபின் ஆகிய ஆல்கலாய்டுகளே. நரம்புச் செய்தியைக் கொண்டுசெல்லும் அசெட்டைல்கோலின் அமரவேண்டிய இடத்தை இவை அடைத்துக்கொள்கின்றன. அதனால் மூச்சுக்குழல் விரிந்து ஈளை தணிகிறது. அளவு மிஞ்சினாலோ நா வறண்டு, கண்பாவை விரிந்து, சித்தம் கலங்கும், உயிரும் போகலாம்.

ஆய்வுக்கூடத்தில் இவற்றைக் காட்டுவது விட்டாலி சோதனை. பொருளைப் புகையும் நைட்ரிக் அமிலத்துடன் ஆவியாக்கி உலர்த்தி, ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றும்.

பாஸ்பரஸ் கலந்த பூச்சிமருந்தைக் குடித்தவரின் உடலில் அசெட்டைல்கோலின் மிகுந்துவிடும். அவரைக் காக்க மருத்துவர் செலுத்துவது இதே அட்ரோபின்தான். அதன் நைட்ரஜனில் ஒரு தொகுதியைக் கூட்டி நேர்மின்னூட்டம் தந்தால் இப்ராட்ரோப்பியம் கிடைக்கும். அது மூளைக்குள் எளிதில் நுழையாது. புகையின் பயன் நிற்க, மயக்கம் நீங்கிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "தம்பி, நீ படிச்ச பிள்ளை; நாய்க்கடிக்கு ஊமத்தை கொடுக்கலாமா?" என்று தெருவில் கேட்கிறார்கள். கூடாது என்பதே என் விடை. இலைக்கு இலை, பருவத்திற்குப் பருவம் ஆல்கலாய்டின் அளவு மாறும். கைப்பிடி என்பது அளவாகாது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. கடித்த உடனே காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

செடியின் குணத்தைக் கண்டவர்கள் நம் முன்னோர். அதற்கு அளவு தந்தது வேதியியல். இரண்டையும் நம் தெருவுக்கு எடுத்துச் சொல்வது படிக்கும் நம் கடமையன்றோ!