அடிமைத்தளையும் மீட்சியும்

போதைப்பொருளுக்கு ஒருமுறை அடிமையானவன் அதிலிருந்து மீளவே மாட்டான் என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணம் முழுதும் உண்மையன்று என்பதைத் தக்க சான்றுகளுடன் எடுத்துக்காட்டியவர் லீ ராபின்ஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆவார்.

இவ்வம்மையார் 1922ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். பின்னர், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். சிறுவயதில் தீய நடத்தை உடையோர் பெரியவர்களானபின் எந்நிலை அடைகின்றனர் என்பதை அறிய அவர் விரும்பினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் மனநல மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துவரப்பட்ட 524 சிறுவர் சிறுமியரின் பிற்கால வாழ்க்கையைத் தேடி ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1966இல் நூலாக வெளியிட்டார். தீநெறியில் நின்ற பெரியவர்களுள் ஏறக்குறைய அனைவரும் இளமையிலேயே அந்நெறியில் அடியெடுத்து வைத்தவர்கள். ஆயினும், இளமையில் தவறியவருள் பெரும்பாலோர் அவ்வழியிலேயே நின்றுவிடவில்லை. இளமைக்காலத்தைப் பேணுதல் எத்துணை இன்றியமையாதது என்பதையும், தவறியவரைக் கைவிடலாகாது என்பதையும் இவ்வாராய்ச்சி ஒருங்கே உணர்த்திற்று.

அக்காலத்தில் அமெரிக்கப் படையினர் வியட்நாமில் போர் புரிந்துவந்தனர். அவர்களுள் பலர் ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளைப் பயன்படுத்துகின்றனர் என்ற செய்தி 1971இல் அமெரிக்க மக்களைக் கலங்கச் செய்தது. இவ்வீரர்கள் ஊர் திரும்பினால் என்ன நேருமோ எனப் பலரும் அஞ்சினர். ஆகவே, தாயகம் திரும்பும் வீரர்களின் சிறுநீரைச் சோதித்துப் பார்க்க அரசு ஆணையிட்டது. அவர்களது பிற்கால நிலையை ஆராயும் பொறுப்பு ராபின்ஸ் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் 1971 செப்டம்பரில் திரும்பியவருள் ஏறத்தாழ 900 பேரை அடுத்த ஆண்டில் நேரிற் காணச் செய்தார். வீரர்கள் வாய்மொழியாகக் கூறியதோடு அமையாமல், படைத்துறைக் குறிப்புகளையும் சிறுநீர்ச் சோதனையையும் கொண்டு அவர்தம் கூற்றைச் சரிபார்த்தார்.

வியட்நாமில் இருந்தபோது வீரர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஹெராயினையோ அபினியையோ பயன்படுத்தியிருந்தனர். 100 பேரில் ஏறத்தாழ 20 பேர் அடிமையாகியும் இருந்தனர். ஆனால், அவ்வாறு அடிமையாகியவருள் தாயகம் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் 100க்கு 5 பேரே. மூன்றாண்டுகளைக் கணக்கிட்டபோதும் அத்தொகை 12 அளவிலேயே நின்றது. இம்முடிவைக் கேட்டுப் பலர் நம்ப மறுத்தனர். எனினும், அம்மையார் சான்றுகளை விட்டு அகலவில்லை.

இதற்குக் காரணம் யாது? வியட்நாமில் அப்பொருள் மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தது. வீட்டையும் உறவினரையும் பிரிந்த இளைஞர் படைவாழ்வின் சோர்வைப் போக்க அதனை நாடினர். தாயகத்திலோ அதன் விலை மிகுதி, சுற்றத்தார் அதனை வெறுத்தனர், கடமைகளும் காத்திருந்தன. சூழ்நிலை மாறவே பழக்கமும் பெரும்பாலோரை விட்டு நீங்கிற்று.

மீண்டவருள் பெரும்பாலோர் மருத்துவம் பெறாமலே மீண்டனர். இதனால், மருத்துவம் வேண்டுவதில்லை என்று கருதிவிடலாகாது. மருத்துவமனையை நாடுவோர் பெரும்பாலும் பிற துன்பங்களாலும் நெருக்குண்டு, தாமே விடுபட இயலாதவர்கள். அவர்களுக்கு மருந்து ஒன்றே போதாது. தொழிலும் நல்ல தோழமையும் இல்லத்தாரின் அன்பும் உடன் வேண்டும்.

போதைப்பொருள் தீங்கற்றது என்பதும் இவ்வாராய்ச்சியின் கருத்தன்று. படையிற் சேருமுன்பே பள்ளியைப் புறக்கணித்துத் தீயவழியிற் சென்றவரே வியட்நாமிலும் அதனை மிகுதியாக நாடினர் என்பதையும் அது காட்டியது. ஆதலின், அணுகாமல் காத்துக்கொள்வதே தலைசிறந்த வழி.

ராபின்ஸ் அம்மையார் 2009இல் மறைந்தார். ஒருவன் வீழ்ந்துவிட்டான் என்று இகழ்வது எளிது. அவன் எழுவதற்கு ஏற்ற சூழலை அமைத்துத் தருவதே அரிது. அவ்வரிய செயல் வீண்போகாது என்பதற்கு அவர் தொகுத்த சான்றுகளே துணையாய் நிற்கின்றன.