பழக்கம் வேரூன்றும் விதம்

'தொட்டிற்பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது பழமொழி. ஒரு பழக்கம் எவ்வாறு வேரூன்றுகிறது? அதை மாற்ற இயலுமா? இக்கேள்விகளுக்கு ஆய்வின்வழி விடை தேடியவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் (1904–1990).

ஸ்கின்னர் ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். அதனுள் ஒரு நெம்புகோலும் உணவுத் தட்டும் இருந்தன. பசியோடு இருந்த எலி அதற்குள் விடப்பட்டது. அங்குமிங்கும் அலைந்த எலி, தற்செயலாக நெம்புகோலை அழுத்தியது. உடனே தட்டில் ஓர் உணவு உருண்டை விழுந்தது. இவ்வாறு சில முறை நிகழ்ந்ததும், எலி அலைவதை விட்டு நெம்புகோலையே மீண்டும் மீண்டும் அழுத்தத் தொடங்கியது. ஒரு செயலுக்குப் பின் கிடைக்கும் விளைவைப் பொறுத்தே அச்செயல் தொடர்கிறது என்பதை இத்தகைய சோதனைகள் காட்டின. ஒரு செயலை அடிக்கடி நிகழச் செய்யும் விளைவை உளவியலாளர்கள் 'வலுவூட்டல்' என்பர்.

வலுவூட்டல் இருவகைப்படும். விரும்பும் ஒன்று கிடைப்பது நேர்மறை வலுவூட்டல். எலிக்குக் கிடைத்த உணவு இவ்வகையைச் சார்ந்தது. விரும்பாத ஒன்று நீங்குவது எதிர்மறை வலுவூட்டல். காரில் இருக்கை வாரை அணியாதபோது எச்சரிக்கை ஒலி எழுகிறது, அணிந்ததும் நின்றுவிடுகிறது. அந்த இரைச்சலிலிருந்து விடுபடவே பலர் விரைந்து வாரை அணிகின்றனர். இதைத் தண்டனை எனக் கருதுவது தவறு. வலுவூட்டல் ஒரு செயலைப் பெருக்கும். தண்டனை அதைக் குறைக்கும். மேலும், எதைச் செய்யக்கூடாது என்று தண்டனை உணர்த்துமே தவிர, எதைச் செய்ய வேண்டும் என்று கற்றுத் தராது.

வலுவூட்டல் ஒவ்வொரு முறையும் கிடைக்க வேண்டியதில்லை. எதிர்பாராத நேரத்தில் எப்போதாவது கிடைத்தால், அப்பழக்கம் இன்னும் உறுதியாகிறது. பேரங்காடியில் ஒரு குழந்தை மிட்டாய் கேட்டு அழுவதாகக் கொள்வோம். ஐந்து முறை மறுத்த தாய், ஆறாம் முறை மனமிரங்கி வாங்கித் தருகிறார். நீண்ட நேரம் அழுதால் மிட்டாய் கிடைக்கும் என்பதையே குழந்தை கற்றுக்கொள்கிறது. கைப்பேசியும் இத்தகையதே. அதைத் திறக்கும்போதெல்லாம் புதிய செய்தி இருப்பதில்லை. சில வேளைகளில் மட்டுமே இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பே, பாடம் படிக்கும் வேளையிலும் கையை அதன்பால் இழுக்கிறது.

வலுவூட்டல் அறவே நின்றுவிட்டால் பழக்கம் மெல்ல மறையும். எனினும், தொடக்கத்தில் அது சற்று அதிகரிக்கவும் கூடும். மிட்டாய் கிடைக்காத குழந்தை முன்னைவிட உரக்க அழுவது இதனால்தான். அந்நேரத்தில் விட்டுக்கொடுத்தால், உரத்த அழுகையே வலுப்பெறும்.

1953ஆம் ஆண்டு ஸ்கின்னர் தம் மகள் பயின்ற கணித வகுப்பைப் பார்வையிட்டார். அங்கே மாணவர்களால் தங்கள் விடை சரியா தவறா என்பதை உடனே அறிய முடியவில்லை. சிலர் விரைவில் முடித்துவிட்டுக் காத்திருந்தனர். சிலர் கணக்குப் புரியாமல் தடுமாறினர். இதைக் கண்ட அவர், 'கற்பிக்கும் இயந்திரம்' ஒன்றை உருவாக்கினார். அதில் பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் ஒவ்வொரு விடையும் சரியா என்பதை உடனுக்குடன் அறிந்து அடுத்த படிக்குச் சென்றனர்.

மாணவர்கள் தங்கள் பழக்கங்களை மாற்றிக்கொள்ளவும் இவ்வழி உதவும். கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, முதலில் 15 நிமிடம் மட்டும் படிக்கலாம். முடித்தவுடன் பிடித்த பாடல் ஒன்றைக் கேட்கலாம். நாளடைவில் படிக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மனவுறுதி இல்லையே எனத் தம்மைத் தாமே நொந்துகொள்பவர்கள் பலர். அவர்கள் முதலில் ஆராய வேண்டியது, தங்கள் செயலைத் தொடர்ந்து வரும் விளைவு எது என்பதையே.