எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் இலங்கையெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது கண்டி. மண்சரிந்த இடங்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. வீடு தப்பியும் தூக்கம் தப்பாதவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. கண்டி நகரின் மஹய்யாவ போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் ஏற்கெனவே அடித்துவிட்டுப் போன குடும்பங்கள் இவை.

ஆலயத்துக்குப் போகிறவர்கள் இந்த நிலையில் ஒரு கேள்வியையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். “ஜெபம் பண்ணுறேன், ஆனாலும் பயம் போகல்ல. என்னுடைய விசுவாசத்தில குறையா?” குறை இல்லை. முதலில் இதை நம்புங்கள். மற்றதை ஆறுதலாகப் பார்ப்போம்.

ஆபத்து நேரும்போது உடல் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்களை (ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் சுரப்புகள்) வெளியிடுகிறது. இதயம் படபடக்கும், வயிறு இறுகும், தூக்கம் கலையும். ஆபத்து நீங்கினால் உடல் மெல்ல அடங்கும். ஆனால் மழையும் கடன் தவணையும் வேலையில்லாத நாட்களும் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால், அது அடங்குவதற்கு இடமே கிடைப்பதில்லை. இதைத்தான் நெருக்கீடு (மனமும் உடலும் தாங்கும் அளவை மீறிய அழுத்தம்) என்கிறோம். ஞானஸ்நானம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இந்தச் சுரப்புகள் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன.

வேதாகமத்தில் இதற்கு ஒரு தெளிவான உதாரணம் எலியா. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கர்மேலில் பெரிய வெற்றி கண்ட கையோடு, யேசபேல் அரசியின் மிரட்டலுக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். கூட வந்த வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். தனிமை, களைப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம்: இன்று ஒரு கிளினிக்குக்கு இப்படி ஒருவர் வந்தால் வைத்தியர் உடனே கவனமாகிவிடுவார். வந்த தேவதூதனோ விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கிக் கிடந்தவரை எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்க விட்டான். மறுபடி சாப்பாடு கொடுத்தான். ஓரேப் மலையில் ஆண்டவரின் கேள்வி வந்தது அதற்குப் பிறகுதான். அங்கே எலியா ஒரே முறைப்பாட்டை இரண்டு தடவை சொல்கிறார். அப்போதும் யாரும் கடிந்துகொள்ளவில்லை. பிறகு செய்யக்கூடிய வேலை, கூட வர எலிசா. தூக்கம், உணவு, மனம் விட்டுப் பேசுதல், ஒரு வேலை, ஒரு துணை. இன்று பேரிடர் முகாம்களில் உளவளத்துணையாளர்கள் (மனநல ஆலோசனை தருபவர்கள்) பின்பற்றுவதும் ஏறக்குறைய இந்த ஒழுங்கைத்தான்.

எப்போது கவலைப்பட வேண்டும்? பெரிய இழப்புக்குப் பின் சில வாரங்கள் அழுவதும் திடுக்கிட்டு விழிப்பதும் இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருப்பது, சாப்பாடு இறங்காமை, வேலைக்கோ ஆலயத்துக்கோ போக மனமின்மை ஆகியவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். அந்தச் சம்பவம் மீண்டும் மீண்டும் கண்முன் ஓடி, ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால் அது மனவடுவாக (பேரதிர்ச்சி விட்டுச்செல்லும் உளக்காயம்) இருக்கலாம். ஆண்களிடம் இது அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாகவும் குடியாகவும் வரும்.

வீட்டில் தொடங்கக்கூடியது தூக்கம். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீ வேண்டாம். காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள், இரவு எப்படிப் போனாலும் சரி. மழை நாட்களில் பயம் கூடுகிறதா? கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் இடத்தின் மண்சரிவு எச்சரிக்கை நிலையைக் கேட்டறியுங்கள்; எங்கே போவது, எதை எடுப்பது என்று குடும்பமாகத் தீர்மானித்து வையுங்கள். திட்டம் இருக்கும் பயம் பாதிப் பயம்தான்.

ஜெபம் குறுகியதாக இருக்கட்டும். நன்றி சொல்ல வாய் வராவிட்டால் முறையிடுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. முழு இரவு ஜெபமும் உபவாசமும் எல்லா நேரமும் நல்லதல்ல. நீரிழிவு உள்ளவர்களும் மனநல மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இவற்றில் இறங்க வேண்டாம். தூக்கமின்றித் தவிப்பவரை இன்னொரு இரவு விழிக்க வைப்பது உதவியாகாது.

சில குறுக்குவழிகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். “பிசாசின் கட்டு” என்று சொல்லி ஆளைப் பிடித்து உலுப்புவது, சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்துவது, யாருக்கும் தெரியாமல் மந்திரிக்கப் போவது, தூக்கத்துக்கென்று கசிப்பு: எல்லாமே நோயை நீட்டும். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதகளிப்பும் வரலாம். நற்செய்தி எழுதிய லூக்காவே வைத்தியர்தானே.

கடன்தான் வேர் என்றால் கடனையே பாருங்கள். 2 இராஜாக்கள் 4இல் கடன் கொடுத்தவனுக்குப் பயந்து வந்த விதவையிடம் எலிசா கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. அற்புதம் நடந்த பிறகும் அவள் எண்ணெயை விற்றுக் கடனை அடைக்க வேண்டியிருந்தது. யாருக்கு எவ்வளவு, எந்த வட்டி, எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய கடனை அடைக்கப் புதிய கிழமைக்கடன் எடுக்க வேண்டாம். தவணையைத் தள்ளிக் கேட்பதில் வெட்கம் இல்லை.

போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்ததும்தான் எல்லாம் கெட்டது. துக்க வீட்டில் விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் சொல்ல வழி கிடைத்த ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்துகளையும் பூச்சிநாசினியையும் அப்புறப்படுத்தி, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை இலவசம். சிங்களம் சரளமாக வராதவர்கள் நம்பிக்கையான பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் வரும். பேச வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவு பகலாக, தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம்.