பால் போதுமா என்று அறியும் வகை

சிசு அடிக்கடி அழுவதைக் கண்டு, தாய்க்குப் பால் போதவில்லையென்று எண்ணிச் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது தவறு. அழுகை பசியொன்றினாலேயே உண்டாவதன்று. சிசு உறிஞ்சுமளவுக்கே பால் சுரக்கும். வேறு பானம் புகட்டினால் சுரப்புக் குன்றும்.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டத் தொடங்கவேண்டும்; அதைப் பீய்ச்சி எறிதல் கூடாது. இரவும் பகலுமாக 8 முதல் 12 தடவை குடிப்பது பச்சைக் குழந்தைக்கு இயல்பே. முதற் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்திற்குள் மீளும். ஐந்தாம் நாளுக்குப்பின் தினம் 6 தடவைக்குக் குறையாமல் வெளுத்த சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவருமாயின் பால் போதுமென்று அறியலாம். 6 மாதம் நிறையும்வரை தண்ணீரும் வேண்டுவதில்லை.

தாய்ப்பால் கிட்டாத சிசுவுக்கு டப்பாப் பால்மாவு கொடுக்க நேரின், கொதிக்கவைத்த தண்ணீரை அதிகம் ஆறுமுன் டப்பாவிற் கண்ட அளவுப்படியே கலந்து, இளஞ்சூடாக ஆற்றிப் புகட்டவேண்டும். சிக்கனங் கருதித் தண்ணீரை மிகுத்தால் சிசு மெலியும். குடித்து மீந்ததைக் கொட்டிவிடவேண்டும்.

பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடக்கும் சிசுவை உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.